அளவை எழுது, மகள்

அன்பு மகளுக்கு,

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பெண்களுக்காகச் செம்புச் சத்தையும் சோகையையும் பற்றி நீ எழுதிய கட்டுரையை வாசித்தேன். உடம்புக்குச் செம்பு ஏன் வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1928இல் விஸ்கொன்சினில் பாலை மட்டுமே குடித்துச் சோகை பிடித்த எலிகளுக்கு இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லாமல் போனது. துளிச் செம்பு சேர்ந்த பிறகுதான் இரத்தம் ஊறியது. அந்தப் பந்தியை நீ எழுதியிருக்கும் அழகுக்கு ஈடாக இந்த விஷயத்தில் தமிழில் நான் எதையும் வாசித்ததில்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் கோபம் வந்தது. “செம்பு மாத்திரையை அளவோடு எடுக்கலாம்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். எவ்வளவு? யாருக்கு? எத்தனை நாளைக்கு? கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைத்து எழுதினாலும் தராசடியில் நின்று கேட்கிறவள் உன் வாசகி. அவளுக்கு எண்ணைச் சொன்னால் விளங்கும். மருத்துவம் எழுதுகிறவர்கள் எண்ணை விழுங்கிவிடுவதை நான் வாழ்நாள் முழுக்கக் கண்டித்திருக்கிறேன். உன்னிடமும் அதையே சொல்கிறேன்.

இப்படி எழுதியிருக்கலாம்: வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 900 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 1000, பாலூட்டும் தாய்க்கு 1300. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். உணவு, தண்ணீர், மாத்திரை எல்லாம் சேர்ந்து வளர்ந்தவருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பியர் 5 மில்லிகிராமிலேயே நிறுத்தினார்கள். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு உச்சம் ஒரே ஒரு மில்லிகிராம். கடையில் விற்கும் செம்பு மாத்திரைகள் பலவற்றில் 2 மில்லிகிராம் இருக்கிறது. தாய் விழுங்கும் ஒரு மாத்திரை, மடியிலிருக்கும் பிள்ளையின் உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு. அதைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வை என்று ஒரு வரி வேண்டாமா?

செம்புக் குடத்துத் தண்ணீரையும் நீ பாராட்டியிருக்கிறாய். வெறும் தண்ணீர் என்றால் சரி. குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. ஆனால் தேசிக்காய்ச் சாறும் மோரும் புளிக்கரைசலும் செம்பைக் கரைத்துவிடும். அதைக் குடித்தால் குமட்டலும் வாந்தியும் வயிற்று நோவும் வரும். ஈயம் பூசாத பாத்திரத்தில் எங்கள் அம்மா புளி வைத்ததே இல்லை. பால் இன்னும் மோசம். இந்தியாவில் பச்சைப் பிள்ளைகளின் ஈரலைச் சுருக்கிக் கொன்ற நோய்க்கும், பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் தொடர்பு இருக்கிறதென்று புனேயில் பணியாற்றிய மருத்துவர்கள் 1983இல் எழுதினார்கள். பாத்திரம் மாற மாற நோயும் அருகிப்போனது.

எங்கள் சப்ரகமுவையில் தேயிலையும் றப்பரும் பக்கத்துப் பக்கத்து மலையில் நிற்கின்றன. தேயிலை ஸ்டோரில் அரைத்துப் பரப்பிய பச்சைக் கொழுந்து கண் முன்னே செந்நிறமாகும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்குள் இருப்பது செம்பு. ஆபிரிக்காவில், இன்றைய மலாவியில், மண்ணில் செம்பு குறைந்த தோட்டங்களின் கொழுந்து நொதிக்கவே மறுத்தது. என் அப்பா கேகாலைப் பக்கம் பால் வெட்டினவர். அங்கே செம்பு, பித்தளை எதையும் பால் வாளிக்குப் பக்கத்தில் அண்டவிட மாட்டார்கள். செம்பு பட்ட றப்பர் நாளடைவில் பசையாகிக் கெட்டுவிடும். ஒன்றை ஆக்குகிற உலோகமே இன்னொன்றைக் கெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். செம்பு நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், யாருக்கு, எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன்.

உன்னுடைய இரண்டாவது பிழை, அளவை விட்டதைவிடப் பெரிது. வெளிறிய முகத்தைக் கண்டதும் செம்பைக் கைகாட்டிவிட்டாய். தோட்டத்துச் சோகைக்கு முதல் காரணம் இரும்பு போதாமை. வெறுங்கால் வழியே ஏறி இரத்தத்தை உறிஞ்சிய கொக்கிப்புழுவுக்கு எதிராக ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது 1916இல். நான் மருத்துவிச்சியாக லயம் லயமாக ஏறி இறங்கிய காலத்திலும், இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கும் பெண்களைக் கண்டு தலையிலடித்துக்கொண்டேன். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. அந்தப் பெண்ணுக்குச் செம்பு மாத்திரை கொடுத்து என்ன பயன்?

செம்புக் குறைவால் வரும் சோகை அரிது. வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வரும். நாளுக்கு 50 மில்லிகிராம் அளவில் சிங்க் மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறவர்களுக்கும் வரும். சிங்க் மிஞ்சினால் குடல் செம்பை உள்ளே விடாது. செம்பு குறைவா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பருப்பும் கஜுவும் எள்ளும் போதும். 100 கிராம் எள்ளில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் செம்பு இருக்கிறது.

செம்பு மாத்திரையைத் தொடவே கூடாதவர்களும் உண்டு. வில்சன் நோய் உள்ளவரின் ஈரலும் மூளையும் செம்பைத் தேக்கிவைக்கும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், மஞ்சள் காமாலை வரும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேரும் நோய் அது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் நம் சனத்துக்கு எழுதும்போது அதை விட்டது எப்படி?

அடுத்த இதழில் திருத்தம் போடு. அளவுகள் எண்ணில் வரட்டும். மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளினிக்கில் இரத்தம் பார்த்து முடிவு செய்யச் சொல். வில்சன் நோயைத் தடித்த எழுத்தில் போடு. அப்படி வந்தால் உன் கட்டுரையை எங்கள் தோட்டத்துக் கிளினிக் சுவரில் நானே ஒட்டுவேன்.

அன்புடன்,
உன் பழைய வாசகி