சர்ப்ரைஸ் விசிட் வருவதற்கு முன்: முதியோர் இல்ல மேனேஜருக்கு ஒரு வழிகாட்டி

மேனேஜர், வார்டன், கேர் சூப்பர்வைசர் என்று எந்தப் பெயரில் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். உங்களுக்கு மார்க் போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மாவட்ட சமூக நல அலுவலர் வருவார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வருவார்கள். துபாயில் இருக்கும் மகன் வீடியோ காலில் வருவார். அந்த மகன்தான் இவர்களில் கறாரான ஆள்.

இந்தத் துறையில் வேலைக்குப் பஞ்சம் வராது. மத்திய அரசின் கணிப்பின்படி 2021-ல் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைத் தொட்டவர்கள் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாம்தான். கோவையிலும் சென்னைப் புறநகரிலும் சீனியர் லிவிங் கம்பெனிகள் கட்டடத்தைக் கட்டிவிட்டு, நடத்த ஆள் தேடுகின்றன. பளபளப்பான ரிசப்ஷனைக் காட்ட யாராலும் முடியும். "என் இல்லத்தில் யாருக்கும் படுக்கைப் புண் இல்லை, இதோ ரெக்கார்ட்" என்று காட்டுபவர்கள் குறைவு. அந்தக் குறைவான ஆட்களில் ஒருவராவது எப்படி?

1. சட்டத்தை ஒரு மாலையில் படித்து முடியுங்கள்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. பெரிய புத்தகம் ஒன்றும் இல்லை. பிரிவு 19-ஐ மட்டும் இரண்டு முறை படியுங்கள். முதியோர் இல்லங்களின் தரத்தையும் சேவைகளையும் வரையறுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு அங்கிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டு விதிகள் 2009-ல் வந்தன. பதிவுச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எது எப்போது காலாவதியாகிறது என்று அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். அதிகாரி கேட்டதும் ஃபைல் மேஜைக்கு வந்துவிட்டால் அவருடைய மூடே மாறிவிடும். இம்ப்ரெஷன் என்பது பாதி வேலை.

ஆனால் பேப்பர் பாதிதான். மீதி ராத்திரியில் இருக்கிறது.

2. ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

பகல் ரவுண்ட்ஸில் எந்த இல்லமும் நன்றாகத்தான் தெரியும். தரை துடைத்திருக்கும், பெரியவர்கள் தலை வாரி உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது நைட் டூட்டியில் என்ன நடக்கிறது என்பது. யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் ஒரு மணிக்கு, அடுத்த வாரம் நாலரைக்குப் போங்கள். போனதும் ஸ்டாஃபைத் தேடாதீர்கள், முதலில் கட்டில்களைப் பாருங்கள்.

காலிங் பெல் ஒயர் எங்கே இருக்கிறது? பல இடங்களில் அதைச் சுருட்டி, சுவர் ஆணியில் கை எட்டாத உயரத்தில் மாட்டியிருப்பார்கள். "சும்மா சும்மா அடிக்கிறாங்க சார்" என்பார்கள். தண்ணீர் டம்ளர் படுத்திருப்பவரின் கைக்கு எட்டுமா, இல்லை ஜன்னல் திட்டில் அழகுக்கு இருக்கிறதா? பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். கனமாக இருந்தால் அது மாலை ஆறு மணிக்குப் போட்டது.

பிறகு நைட் ரிஜிஸ்டரைத் திறங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்ததாக டிக் இருக்கும். இரவு இரண்டு மணிக்கே காலை ஆறு மணி வரைக்கும் டிக் போட்டிருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் கத்தாதீர்கள். பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப் என்று எண்ணுங்கள். முப்பது பேருக்கு ஒரே ஒரு ஆயா என்றால் குற்றம் அந்த அம்மாவுடையது அல்ல, டூட்டி சார்ட் போட்டவருடையது. அதாவது உங்களுடையது, அல்லது உங்களுக்கு ஆள் தராதவருடையது.

கதவுகளையும் பாருங்கள். வெளியே பூட்டு, உள்ளே ஆட்கள் என்ற நிலை ஒரு இரவுகூட இருக்கக்கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநலக் காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மறதி நோய் உள்ள பெரியவர் எழுந்து நடக்கிறார் என்பதற்காகக் கட்டிலோடு சேலைத் துணியால் கட்டிவைக்கும் பழக்கம் உங்கள் இல்லத்தில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இதில் "குடும்பத்தாரே சம்மதித்தார்கள்" என்ற பேச்சு உங்களைக் காப்பாற்றாது.

3. உடம்பைப் பாருங்கள், ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்

ஒரு இல்லத்தின் தரத்தை ஒரே விஷயத்தில் அளக்கச் சொன்னால் நான் பெட்சோரைத்தான் சொல்வேன். படுக்கையில் இருப்பவரின் வால் எலும்புப் பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இது பாடப்புத்தகம் சொல்வது. நம் ஆட்களின் தோல் நிறத்தில் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. கை வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அதுதான் அறிகுறி. இந்த ஒன்றை உங்கள் அட்டெண்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தாலே பாதி இல்லங்களைத் தாண்டிவிடுவீர்கள்.

அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக்கூடாது. நடுவில் ஓட்டையுள்ள ரிங் குஷன் வைக்கக்கூடாது, அது சுற்றியுள்ள இடத்தின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஏர் பெட் வாங்கிவிட்டால் புரட்டிப் போடத் தேவையில்லை என்பது விற்பவர் சொல்லும் கதை. மோட்டார் ஓடுகிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

எடை அடுத்தது. மாதம் ஒரு முறை, அதே மெஷினில், காலைச் சாப்பாட்டுக்கு முன். ஒரு மாதத்தில் 5 சதவீதம் அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். 50 கிலோ பாட்டிக்கு அது மாதத்தில் இரண்டரைக் கிலோ. புடவைக் கட்டில் தெரியாது, மெஷினில்தான் தெரியும்.

4. சாப்பாட்டில் ருசியைவிட நேரம் முக்கியம்

சமையல்காரர் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக மாலை ஆறு மணிக்கே டிபன் போட்டுவிடுகிறார்கள். காலை டிபன் எட்டரைக்கு. இடைவெளி பதினாலரை மணி நேரம். இன்சுலின் போடுபவர் விடியற்காலையில் சுகர் இறங்கி, வியர்த்து, உளறுவார். "வயசாச்சு, தடுமாறுறார்" என்று விட்டுவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கெட்டும் கொடுக்க ஆகும் செலவு, ஒரு ஐசியூ அட்மிஷனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓனரிடம் இந்தக் கணக்கில் பேசுங்கள், உடனே சம்மதிப்பார்.

பல் இல்லாதவர் தட்டில் சப்பாத்தி திரும்பி வருகிறதா என்று பாருங்கள். யார் தட்டில் என்ன மீந்தது என்பதைவிட நேர்மையான ஃபீட்பேக் ஃபார்ம் கிடையாது.

5. மருந்துப் பையைக் கொட்டி எண்ணுங்கள்

பிள்ளைகள் கேரி பேக்கில் மாத்திரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டுங்கள். பழைய டாக்டர் எழுதிய பிராண்டும் புது டாக்டர் எழுதிய பிராண்டும் இரண்டுமே அம்லோடிபினாக இருக்கும். பெயர் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் கொடுத்தால் பிபி இறங்கி, பெரியவர் பாத்ரூமில் விழுவார். எனவே அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயரைச் சார்ட்டில் எழுதுங்கள், பிராண்டை அல்ல. கொடுத்தவர் கொடுத்த நேரத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரீசரை ஒட்டாமல் இருக்கட்டும். பார்மசிஸ்ட் ஒருவரை மாதம் ஒரு முறை வரவழைத்துச் சரிபார்க்க முடிந்தால் அதுவே உங்கள் இல்லத்துக்கு ஒரு விளம்பரம்.

6. விழுந்தவர் கணக்கு

விழுந்தால் மறைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு, ஏனென்றால் சொன்னவருக்குத்தான் திட்டு விழுகிறது. அதை மாற்றுங்கள். சொல்பவருக்குத் தண்டனை இல்லை, மறைப்பவருக்கு மெமோ. ஒரு நோட்டில் யார், எந்த இடம், எத்தனை மணி, என்ன செருப்பு, கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை என்ன என்று எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒரு பேட்டர்ன் தெரியும். ஒரே பாத்ரூம் வாசலாக இருக்கலாம், தூக்க மாத்திரை சாப்பிட்ட இரண்டு பேராகவே இருக்கலாம். பிறகு கைப்பிடி எங்கே வைப்பது என்று கொத்தனாரைக் கேட்க வேண்டியதில்லை, நோட்டே சொல்லிவிடும். குடும்பத்துக்கு அன்றே போன் செய்யுங்கள். மறுநாள் அவர்களே கண்டுபிடித்தால் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

7. மரியாதையும் ஆடிட் செய்யக்கூடியதே

பேன் தொல்லை என்று எல்லாப் பாட்டிகளுக்கும் மொட்டை. துவைக்கச் சுலபம் என்று எல்லோருக்கும் நைட்டி. ஷிஃப்ட் மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். இவை எல்லாம் ஸ்டாஃபின் வசதிக்காக. வருகிற அதிகாரி இதைத்தான் முதலில் கவனிப்பார், நீங்கள் கவனித்தீர்களா? புடவைதான் வேண்டும் என்பவருக்குப் புடவை. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவரை "தாத்தா, வாயத் திற" என்று கூப்பிடக்கூடாது. ஐயா, அம்மா, அல்லது அவர் விரும்பும் பெயர். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றிலும் பெயர் ஒட்டுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ ஆபீஸ் ரூமில் ஒட்டாதீர்கள், பெரியவர்கள் உட்காரும் ஹாலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உங்கள் மேல் புகார் போகுமே என்று பயமா? அந்த பயம் இல்லாத மேனேஜர் என்று பெயர் வாங்குவதுதான் லாபம்.

8. பழைய ஆயாவைப் பகைக்காதீர்கள்

பதினைந்து வருஷமாக இருக்கும் அக்கா ஒருவர் எல்லா இல்லத்திலும் உண்டு. உங்கள் டிப்ளமாவைக் கண்டுகொள்ளமாட்டார். அவரை மீட்டிங்கில் திருத்தினால் மொத்த ஷிஃப்டும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். தனியே கூப்பிட்டு, "அக்கா, குதிகால் செக் பண்றதைப் புதுப் பிள்ளைகளுக்கு நீங்கதான் சொல்லித் தரணும்" என்று பொறுப்பைக் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிட ஹேண்டோவரைக் கட்டில் கட்டிலாக நடந்தே செய்ய வையுங்கள். ஒரே நேரத்தில் பத்து மாற்றம் வேண்டாம். மாதம் ஒன்று போதும், நிலைக்கும்.

9. செய்ததை ரெஸ்யூமேவாக மாற்றுங்கள்

இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு 2009 முதல் இன்ஸ்பெக்ட் செய்கிறது. ஐந்தே கேள்விகள்: பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, கனிவாக நடத்துகிறார்களா, அவரவர் தேவைக்கு ஏற்ப இருக்கிறதா, நிர்வாகம் சரியா. பிறகு நாலு படி ரேட்டிங். அதை இல்லத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியே ஆக வேண்டும். நம்மூரில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் என்ன, அந்த ஐந்து தலைப்பிலேயே மாதம் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுதுங்கள். ஆறு மாத ரிப்போர்ட் கையில் இருந்தால் இன்டர்வியூவில் "நான் கடின உழைப்பாளி" என்று சொல்லத் தேவைப்படாது. "சேரும்போது பெட்சோர் இத்தனை பேர், கிளம்பும்போது இத்தனை" என்று எண்களை வையுங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள், பெரியவர்களின் மெடிக்கல் விவரம் உங்கள் சொத்து அல்ல.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன் 2025 ஜூலை 22-லிருந்து கேர் ஒர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த விசாவைக் காட்டி இப்போதும் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் ஏஜென்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

10. ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள்

ராத்திரிக்கு இன்னொரு ஆள், இரண்டு கைப்பிடி, ஒரு எடை மெஷின். எதைக் கேட்டாலும் மெயிலிலோ கடிதத்திலோ கேளுங்கள், தேதியோடு, காரணத்தோடு, செலவோடு. வாய்மொழியாகக் கேட்டது விபத்து நடந்த மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. விசாரணை வந்தால் ரிஜிஸ்டரில் இருப்பது உங்கள் கையெழுத்து. இரண்டு முறை எழுதியும் முப்பது பேருக்கு ஒரே ஆள்தான் என்று ஓனர் பிடிவாதம் பிடித்தால், காப்பிகளைப் பத்திரப்படுத்தி, நிலைமையைச் சமூக நல அலுவலருக்கும் எழுதிவிட்டு வேறு வேலை தேடுங்கள். உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சம்பளமும் பெரிதல்ல. நல்ல மேனேஜருக்கு இன்னொரு இல்லம் கிடைக்கும்.