பசளை வாங்கும் பணத்தைப் பாதுகாத்தல்
சங்கக் கொள்வனவுகளும் கொடுப்பனவுகளும்: ஒரு பாடம்

இடம்பெயர்ந்து வந்த இடத்திலோ, திரும்பிச் சென்று துப்புரவாக்கிய சொந்தக் காணியிலோ முதற் போகத்தைத் தொடங்கும் குடும்பத்துக்குத் தவறவிட இடமில்லை. காலபோக மழைக்கு முன் விதைநெல் வரவேண்டும். பயிர் கேட்கும் நேரத்தில் பசளை வரவேண்டும். பிந்தினால் அந்தப் போகம் போய்விடும், கடன் மட்டும் நிற்கும். இதனால்தான் பல இடங்களில் முப்பது நாற்பது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, சுழற்சி நிதியிலிருந்தோ சங்கச் சேமிப்பிலிருந்தோ மொத்தமாகப் பொருள் வாங்குகின்றன. விலை குறைகிறது, லொறிக் கூலியும் பங்குபடுகிறது. ஆனால் முப்பது வீட்டுப் பணம் ஓரிருவர் கையால் போகிறது.

அந்தப் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கை விட்டுப் புறப்பட்டு, பசளை மூட்டையாகப் படலைக்கு வந்துசேரும் வழியை இப்பாடத்தில் பார்ப்போம். கணக்கியல் படித்தவர்கள் இதனை உள்ளகக் கட்டுப்பாடு என்பார்கள்.

“எங்கள் பொருளாளர் நேர்மையானவர். அவரிடம் கடதாசி கேட்பது அவமரியாதை அல்லவா?” என்று சிலர் கேட்பார்கள். உண்மையில் நேர்மையான பொருளாளருக்குத்தான் கடதாசி கூடுதலாகத் தேவை. ஒரே முகாமில் ஐந்து ஊர்ச் சனங்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் முழுதாக அறியார். இரண்டு மூட்டை குறைந்தால் அன்று மாலையே கதை பரவிவிடும். காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத பொருளாளர் என்ன செய்வார்? பதவியை விட்டு விலகுவார். நல்லவர்கள் விலகிய சங்கம் பிறகு யார் கையில் போகும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

வேலையைப் பிரித்தல்

ஒரு கொள்வனவில் கடையையும் விலையையும் தெரிவது, பொருளை எண்ணி எடுப்பது, பணம் கொடுப்பது, ஏட்டில் எழுதுவது என்று நான்கு வேலைகள் உண்டு. நான்கும் ஒருவரிடம் இருந்தால் அவர் விட்ட பிழையை அவராலேயே காணமுடியாது. ஆள் குறைந்த சங்கத்தில் நான்கு பேரைத் தேட முடியாமற் போகலாம். அப்படியானால் இரண்டு விடயங்களையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். பொருளை எண்ணி எடுப்பவர் பணம் கொடுப்பவராக இருக்கக்கூடாது. காசோலையில் ஒப்பமிடுபவர் காசேட்டை எழுதக்கூடாது. எழுதும் வேலைக்குச் சாதாரண தரம் படித்த ஒரு பிள்ளை போதும். மூட்டை எண்ணுவதற்குப் படிப்பே வேண்டாம், கண்டிப்பு வேண்டும். அதற்கு எங்கள் அம்மாமார் மிகப் பொருத்தமானவர்கள்.

கடைக்காரர் நிர்வாகத்தில் ஒருவரின் மச்சானாக இருக்கலாம். சிறிய ஊரில் இது தவிர்க்கமுடியாதது, குற்றமும் அல்ல. அவர் அதனைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, விலை தீர்மானிக்கும்போது வெளியே போய் இருக்கட்டும். சொன்னதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதுங்கள்.

விலையும் கட்டளையும்

மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேளுங்கள். மூன்றிடமும் ஒரே பொருளையே கேட்கவேண்டும்: எந்த இனம், எத்தனை கிலோ மூட்டை, லொறிக் கூலி யாருடையது, எத்தனை நாளில் வரும். குறைந்த விலையைத்தான் எடுக்கவேண்டும் என்று சட்டமில்லை. சொன்ன நாளில் கொண்டுவரும் கடைக்குச் சற்றுக் கூடக் கொடுப்பது நியாயமே. ஆனால் ஏன் அப்படித் தெரிந்தீர்கள் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கவேண்டும். தொலைபேசியில் கட்டளை கொடுத்தாலும் பின்னர் ஒரு கடிதம் எழுதி, பிரதியைச் சங்கத்தில் வையுங்கள். இந்தப் பிரதியின் பெறுமதி பில் வரும்போதுதான் தெரியும்.

லொறி வரும் நேரம்

பெரும்பாலான நட்டம் இங்கேதான் நடக்கிறது. லொறி மைமல் நேரத்தில் வரும். சாரதி அவசரப்படுவார். “கடையில் எண்ணித்தான் ஏற்றினது, ஒப்பத்தை வையுங்கோ” என்பார். எண்ணி முடியும்வரை ஒப்பம் வைக்காதீர்கள். இருவர் நின்று, ஒருவர் எண்ண மற்றவர் கோடு போடட்டும். பத்து மூட்டைக்கு ஒன்றையாவது தராசில் வையுங்கள். ஆலைத் தையல் பிரிக்கப்பட்டுக் கையால் தைத்த மூட்டை இருந்தால் அதனைக் கட்டாயம் நிறுக்கவேண்டும். யூரியாவில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் குளிரும், யூரியா முழுதாகக் கரையும். அடியில் மண்டி நின்றால் சந்தேகப்படுங்கள். கிருமிநாசினிப் போத்தலில் காலாவதித் திகதியையும், மூடியின் முத்திரை உடையாமல் இருப்பதையும் பாருங்கள்.

விதைநெல்லைக் கண்ணால் பார்த்து அறியமுடியாது. 100 நெல்லை நனைத்த சாக்கில் சுற்றி வைத்து ஒரு கிழமையில் எண்ணிப் பாருங்கள். 85க்குக் குறைய முளைத்தால் அந்த விதையை ஏற்கத் தயங்கவேண்டும். அதனால் விதைநெல்லுக்கு, முளைப்புப் பார்த்த பிறகே மிகுதிப் பணம் என்று கட்டளையிலேயே எழுதிவிடுங்கள். விதைப்புக்கு முந்தின நாள் வாங்குபவருக்கு இந்த வசதி கிடையாது.

எண்ணியதை இரண்டு பிரதியாக எழுதி, சாரதியிடமும் ஒப்பம் வாங்குங்கள். இதுவே பொருள் பெற்ற குறிப்பு.

மூன்று கடதாசியும் ஒன்றாக

ஓர் உதாரணம் பார்ப்போம். 30 குடும்பங்களுள்ள சங்கம் 40 மூட்டை யூரியாவுக்குக் கட்டளை கொடுக்கிறது. கணக்கு இலகுவாக இருக்க மூட்டை 10,000 ரூபா என வைத்துக்கொள்வோம். லொறிக் கூலி கடைக்காரருடையது என்று கட்டளையில் உண்டு. லொறியில் 38 மூட்டை வருகிறது. அதில் ஒன்று நனைந்து கட்டியானதால் திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் பில்லில் 40 மூட்டைக்கு 400,000 ரூபாவும் லொறிக் கூலி 8,000 ரூபாவும், மொத்தம் 408,000 ரூபா என்றிருக்கிறது.

பில்லை மட்டும் பார்ப்பவர் 408,000 ரூபாவுக்குக் காசோலை எழுதுவார். கட்டளைப் பிரதியைப் பக்கத்தில் வைத்தால் 8,000 ரூபா கழியும். பொருள் பெற்ற குறிப்பையும் வைத்தால் மூன்று மூட்டைக்குரிய 30,000 ரூபா கழியும். கொடுக்கவேண்டியது 370,000 ரூபாதான். வித்தியாசம் 38,000 ரூபா. வீட்டுக்கு 1,266 ரூபாவுக்கு மேல். கடைக்காரர் ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். கட்டளையைப் பார்த்து எழுதுவினைஞர் பில்லை முன்கூட்டியே எழுதியிருக்கலாம். “மிச்ச மூட்டை நாளைக்கு வரும், முழுக்காசையும் தாருங்கோ” என்றால், வந்த பிறகு தருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்தவுடன் பில்லின் குறுக்கே ‘செலுத்தப்பட்டது’ என்று எழுதி, திகதியையும் காசோலை இலக்கத்தையும் இடுங்கள். அதே பில் மறுபடி வராமல் இது தடுக்கும். போட்டோப் பிரதிக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம்.

காசோலை

பெருந்தொகையைக் காசாகக் கொடுக்காமல், கடையின் பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலையாகக் கொடுங்கள். இரண்டு ஒப்பம் வேண்டும். தலைவர் வெளியூர் போகும்போது ஐந்து வெற்றுக் காசோலைகளில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் சங்கங்களில் இன்னும் இருக்கிறது. இரண்டு ஒப்பம் என்ற ஏற்பாட்டையே இது இல்லாமற் செய்துவிடும். கைத்தொலைபேசி வழியாக வங்கிக்கு மாற்றுபவர்கள், புதிய கணக்கு இலக்கம் வந்தால் பழைய தொலைபேசி எண்ணில் கடைக்காரரை அழைத்துக் கேட்காமல் அனுப்பக்கூடாது.

நாட்டுக்கே நேர்ந்தது

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் தடை நீங்கியதையும் எந்தக் கமக்காரரும் மறந்திருக்கமாட்டார். இடையில் சீனக் கம்பனி ஒன்றிடமிருந்து சேதனப் பசளை வாங்க அரசாங்கம் உடன்பட்டது. மாதிரியைப் பரிசோதித்த தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை, தீங்கான பற்றீரியா உண்டு என்று கண்டது. கம்பனி அதனை மறுத்தது. பசளை இறக்கப்படவில்லை. ஆனால் மக்கள் வங்கி நாணயக் கடிதம் ஏற்கெனவே கொடுத்திருந்தது. நாணயக் கடிதம் என்பது பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருவேன் என்று வங்கி கொடுக்கும் வாக்கு. பணம் கொடுப்பதை நீதிமன்றம் தடுத்தது, சீனத் தூதரகம் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. முடிவில் 2022 ஜனவரியில் சுமார் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. ஒரு மூட்டைகூட வயலுக்கு வரவில்லை. மாதிரியைப் பார்ப்பது முதலிலும் வாக்குக் கொடுப்பது பின்னருமாக இருந்திருக்கவேண்டும்.

ஏடுகளும் இடப்பெயர்வும்

1995இல் வலிகாமத்திலும் 2008, 2009இல் வன்னியிலும் சனங்கள் ஓடியபோது உயிர்தான் முதலில். ஏடு யாருக்கு நினைவிருக்கும்? எனவே அமைதியான நாளிலேயே ஏற்பாடு செய்துவையுங்கள். மாத முடிவில் காசேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, வேறொரு வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியில் படமாக எடுத்துவைத்தாலும் போதும். வங்கியில் மூன்று பேரின் ஒப்பத்தைப் பதிந்து, எவரேனும் இருவர் இடலாம் என்று தீர்மானம் கொடுங்கள். இருவர் மட்டும் பதிந்து, ஒருவர் மன்னாரிலும் மற்றவர் வவுனியாவிலும் ஆகிவிட்டால் பணம் வங்கியிலேயே கிடக்கும், விதைப்பு நாள் கடந்துவிடும். ஒப்பமிடுபவர் மாறும்போது கூட்டக் குறிப்பின் பிரதியை வங்கிக்குக் கொடுக்கவேண்டும் என்பதால் குறிப்புப் புத்தகமும் காசேட்டைப் போல முக்கியமானது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த கமக்காரர் அமைப்புகள், பதிவுச் சான்றிதழின் பிரதியையும் அதே உறையில் வைக்கலாம்.

குழுவில் பேசுவதற்கு

1. 60 மூட்டை விதைநெல்லுக்குக் கட்டளை கொடுத்தீர்கள். 60 மூட்டையும் வந்தது, பணமும் கொடுத்தாயிற்று. ஒரு மாதத்தின் பின் அதே இலக்கமுள்ள பில் இன்னொன்று வருகிறது. எந்தக் கடதாசிகளை எடுத்துப் பார்ப்பீர்கள்?

2. உங்கள் சங்கத்தில் இன்று யார் விலை கேட்கிறார், யார் எண்ணுகிறார், யார் ஒப்பமிடுகிறார், யார் எழுதுகிறார்? பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது?

3. இன்றிரவு இடம்பெயர நேர்ந்தால் காசேடு யாருடைய பையில் இருக்கும்?