டீசலில் எண்ணெய் கலக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் வழுவழுப்பு வேண்டும் என்பதை, மாட்டு வண்டி அச்சுக்கு மை இட்ட நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவு இன்று கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் வேறு உருவில் தொடர்கிறது. டீசல் நிரப்பியதும் டாங்கில் சிறிது டூ-டி ஆயிலையும் ஊற்றும் ஓட்டுநர்கள் நம் பகுதியில் உண்டு. என் தந்தையும் அவர்களுள் ஒருவர். “இப்போது வரும் டீசலில் பசையே இல்லை, பம்ப் தேய்ந்துவிடும்” என்பது அவர் வாதம். பழைய லாரியை விற்றுத் தவணையில் புது லாரி எடுத்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். “உன் வேதியியல் இதற்கு என்ன சொல்கிறது?” என்று அவர் கேட்டார். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பசை குறைந்தது உண்மையா?

உண்மையே. டீசல் வெறும் எரிபொருள் மட்டுமன்று. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு அதுவே மசகும் ஆகும். அங்கே உருளைக்கும் அதனுள் இயங்கும் தண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான்களே.

காற்று மாசைக் குறைக்க டீசலிலுள்ள கந்தகம் படிப்படியாக நீக்கப்பட்டது. பாரத் நிலை 3இல் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்காக இருந்த கந்தகம், நிலை 4இல் 50 ஆயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த நிலை 6இல் அது 10 மட்டுமே. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனையும் வினையூக்கியையும் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது, ஆக்சிஜன், நைட்ரஜன் கொண்ட முனைவுள்ள சேர்மங்களும் உடன் நீங்குகின்றன. உலோகப் பரப்பில் படலமாக ஒட்டி நின்று தேய்மானத்தைத் தடுத்தவை பெரிதும் இவையே; கந்தகம் அன்று. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பல வண்டிகளின் பம்புகள் விரைவில் பழுதாயின.

ஆலையிலேயே மருந்து

இதற்கு மாற்று அப்போதே காணப்பட்டது. கொழுப்பு அமிலங்களோ அவற்றின் எஸ்டர்களோ சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. பத்து லட்சத்தில் நூறு, இருநூறு பங்கே போதும். மூலக்கூறின் அமிலத் தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட ஹைட்ரோகார்பன் வால் வெளிநோக்கி நிற்கிறது. சோப்பைப் பற்றிப் படித்த நமக்கு இது புதிதன்று.

இதைச் சோதிக்கவும் முறை உண்டு. 60 டிகிரி செல்சியஸ் டீசலில் 6 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றைத் தகட்டின் மேல் 75 நிமிடம் உராயவிடுவர். குண்டில் ஏற்படும் தேய்வுத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 1460 என்னும் இந்தியத் தரவிதி.

ஊற்றினால் என்ன?

தரமான டீசலுக்கு ஏற்கெனவே மருந்து இடப்பட்டுவிட்டது. மேலும் ஊற்றுவதால் செலவு நிச்சயம்; கேடும் வரலாம். என்ஜின் ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் சேர்மங்கள் உண்டு. அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். டூ-டி ஆயில் எரிவதற்கென்றே செய்யப்பட்டதாயினும், அது பெட்ரோல் என்ஜினுக்கு உரியது. அதிலும் சாம்பல் தரும் பொருள்கள் இருக்கலாம்.

நிலை 6 லாரியின் புகைப்பாதையில் துகள் வடிகட்டி உள்ளது. அதில் சேரும் கரியை வெப்பத்தால் எரித்துவிடலாம். சாம்பலை எரிக்க இயலாது. அது சிறுகச் சிறுகத் துளைகளை அடைக்கும். பாஸ்பரஸோ வினையூக்கியை மெல்ல வலுவிழக்கச் செய்யும். வடிகட்டி இல்லாத பழைய லாரிக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. எனினும் நாசிலில் படிவு சேரக்கூடும். பழைய கழிவு ஆயிலை ஊற்றுவது எவ்வண்டிக்கும் ஆகாது. அதிலுள்ள உலோகத் துகளும் கரியும் அந்தச் சில மைக்ரான் இடைவெளியைப் பதம் பார்த்துவிடும்.

முடிவு

பம்பின் பெரும் பகைவர் தண்ணீரும் தூசியுமே. நம்பகமான நிலையத்தில் டீசல் பிடித்தல், டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை வடித்தல், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல் ஆகிய மூன்றும் போதும். ஓட்டுநர் கண்ட நோய் உண்மையானது. ஆனால் அதற்குரிய மருந்து ஆலையிலேயே இடப்பட்டுவிட்டது. வீட்டில் லாரியோ டிராக்டரோ வைத்திருக்கும் நண்பர்கள் இதைத் தம் பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால், ஆயிலுக்குப் போகும் பணம் வடிகட்டிக்கு உதவும்.