ஆசிரியப் பணிக்கு மூன்று படிகள்

எம்.எஸ்சி. பட்டம் ஒன்றே பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போதும் என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஐதராபாத்தில் வேதியியல் பயின்றுகொண்டே அவ்வேலைக்கு முயல்பவன் என்ற முறையில், அறிந்ததைச் சொல்கிறேன்.

அரசு பணம் தர, தனிச் சங்கங்கள் நடத்தும் குருகுலப் பள்ளிகள் தெலங்கானாவில் பல உள. முதற்பள்ளி 1971-இல் சர்வேலில் தோன்றியது. 2023-இல் இவற்றுக்கென உள்ள தேர்வு வாரியம் 9,000-க்கும் மேற்பட்ட இடங்களை அறிவித்தது.

முதற்படி பி.எட். பி.எஸ்சி.யுடன் இணைந்த நான்காண்டுப் படிப்பில் அதனை முடித்துவிட்டேன்.

இரண்டாவது தகுதித் தேர்வு. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குரிய மத்திய அரசுத் தேர்வின் இரண்டாம் தாளில் 150 வினாக்கள்; நேரம் 150 நிமிடம்; பொதுப் பிரிவினர் 90 மதிப்பெண் பெறவேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. முதல் மொழியாகத் தமிழையே எடுக்கலாம். அதற்கு 30 வினாக்கள். தாய்மொழி நமக்குச் சுமையன்று, துணையே!

மூன்றாவது படியே நம்மவர்க்குக் கடினம். 2018-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மாநில நேரடி நியமனங்களில் 95 விழுக்காடு உள்ளூராருக்கு உரியது. ஒன்று முதல் ஏழாம் வகுப்புவரை எங்கே பயின்றோம் என்பதே அதற்கு அளவுகோல்; நான்காண்டுகள் அப்பகுதியில் பயின்றிருத்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் பயின்ற எனக்கு எஞ்சிய 5 விழுக்காடே திறந்திருக்கிறது. ஆகவே, இவ்வரம்பு இல்லாத கேந்திரிய வித்யாலயத் தேர்வுக்கும் ஆயத்தமாகிறேன்.

தோழர்களே, பட்டச் சான்றைக் காக்கும் நாம் தொடக்கப் பள்ளிச் சான்றை மறந்துவிடுகிறோம். அதனை இன்றே தேடி எடுங்கள். எந்த வாயில் நமக்குத் திறக்கும் என்பதை அதுவே சொல்லும்.