கல்லில் உறைந்த திசை

மும்பை தொடங்கி நாகபுரி வரையிலும் கரிய எரிமலைப் பாறை அடுக்கடுக்காய்ப் பரந்து கிடக்கின்றது. அசந்தா, எல்லோராக் குகைகள் இதனிற் குடையப்பட்டனவே. சற்றேறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் உருகிய குழம்பாக வழிந்து ஆறிய இப்பாறை, தான் பிறந்த இடம் இதுவன்று எனத் தானே சான்று பகர்கின்றது. அச்சான்றினை ஈண்டு ஆராய்வாம்.

இப்பாறையில் மாக்னடைட்டு என்னும் இரும்புத் தாதின் நுண்மணிகள் உள. இத்தாது 580 பாகை சென்டிகிரேடுக்கு மேல் காந்தமிழக்கும். ஆறுங்கால் அற்றை நாட் புவிக்காந்தத்தின் திசையை ஏற்று உறையும். தடையின்றித் தொங்கும் காந்த ஊசி நிலநடுக்கோட்டிற் கிடையாகவும் துருவத்திற் செங்குத்தாகவும் நிற்கும். பல்லாயிரம் ஆண்டுச் சராசரியில், சாய்வின் டான்ஜெண்ட் அகலாங்கின் டான்ஜெண்டைப்போல் இருமடங்காகும்.

தக்கணப் பாறையிற் கண்ட சாய்வு ஏறத்தாழ 45 பாகை. எனவே அகலாங்கு 27 பாகையாகும். வடக்கோ தெற்கோ எனின், பெரும்பாலான அடுக்குகளில் வடமுனை தெற்கு நோக்கிக் கீழ்ச் சாய்ந்துளது. புவிக்காந்தம் தலைமாறி நின்ற காலத்தில், தென்கோளத்தில் மட்டுமே இஃது இயலும், நிலமே முகந்திரும்பிற்று என்று கொண்டாலன்றி. தலைமாறாக் காலத்துச் சில அடுக்குகளில் அதுவே வடக்கு நோக்கி மேலெழுகின்றது. மும்பை இன்று வடக்கே 19 பாகையில் உளது. ஆகவே கடந்தது 46 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டராக, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல்!

வெகனர் 1912இல் கண்டங்கள் நகர்ந்தன என்றபோது நம்பினார் சிலரே. எட்வர்டு இர்விங் இந்தியப் பாறைகளை அளந்து அதனை வலியுறுத்தினார். அவர்தம் ஆய்வேடு 1954இல் கேம்பிரிட்ஜில் ஏற்கப்படவில்லை. ஆயினும் 1956இல் கிளெக், டாய்ச்சு, கிரிபித்சு என்போர் தக்கணப் பாறை அளவுகளை வெளியிட்டு அம்முடிபையே எய்தினர்.

இவ்வாராய்ச்சி ஏடு பரிசோதித்தலை ஒக்கும் என்பது எம் கருத்து. மின்னல் வீழ்ச்சியும் பிற்கால வெப்பமும் பழங்காந்தத்தின்மேற் புதுக்காந்தம் ஏற்றிவிடும். அவ்விடைச்செருகலைக் களைய, கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி, மென்மையானதை முதலிற் போக்கி, எஞ்சுவதை அளப்பர். இத்துணைப் பொறுமை நம்மனோர்க்கும் வேண்டற்பாலதே.

ஒரு குறையும் உண்டு. பாறைக் காந்தம் அகலாங்கை உரைக்குமேயன்றி நெட்டாங்கை உரையாது. அதற்குக் கடலடிப் பாறையின் காந்தப் பட்டைகளை நாடல் வேண்டும். வைன், மாத்தியூசு இருவரும் 1963இல் அப்பட்டைகளின் பொருளை விளக்கினர். அதற்கு அவர்கள் கொண்ட அளவுகள் நம் இந்துமாக்கடலின் கார்ல்சுபர்க்கு மலைத்தொடரில் எடுக்கப்பட்டனவே.