வகுப்பறையில் அடைக்கலக் காதை

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் 15ஆவதாக அமைந்திருப்பது அடைக்கலக் காதை. சமணப் பெருந்தவத்தினராகிய கவுந்தியடிகள், மதுரைப் புறஞ்சேரியில், கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கும் பகுதி அது. நம் இல்லங்களில் போற்றப்படும் இக்காதையைக் கொண்டு, ஊரிழந்து வந்தோரின் துயரை 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர்க்கு எங்ஙனம் உணர்த்தலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

பாடத்தின் தேவை

1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து இலங்கைத் தமிழர் படகேறி இராமேசுவரக் கரையை அடையலாயினர். பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வாறு வந்தோர் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். மண்டபம் முகாமிலிருந்து பல மாவட்டங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். நம் சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. இங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் பயில்கின்றனர்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நம்மைக் காணவரும் இளம் ஆசிரியைகள் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. “முகாமிலிருந்து வரும் மாணவனை எழுப்பி, அவன் குடும்பக் கதையைக் கூறச் செய்தால் பாடம் உயிர்பெறுமன்றோ?” என்பர். கூடாது என்பதே நம் விடை. அவன் இம்மண்ணிலேயே பிறந்தவனாக இருக்கக்கூடும். தான் காணாத தீவின் துயரை நாற்பது பேர் நடுவில் எடுத்துரைக்க அவனைப் பணித்தல், ஆறிவரும் புண்ணைக் கீறுதலை ஒக்கும். அந்தச் சுமையை அப்பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி, நூலின்மேல் ஏற்றுதலே இலக்கியப் பாடத்தின் பயன்.

முதற் பாடவேளை: இழந்தோர்

பறம்புமலை வீழ்ந்தபின் பாரியின் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல் ஐந்தே அடிகளுடையது. சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் மலையும் இருந்தன. இத்திங்கள் நிலவில் இரண்டும் இல்லை. நிலவு மட்டும் மாறவில்லை. மாணவர் இவ்விரு நிலைகளையும் இரு பத்திகளாக எழுதட்டும். பிறகு, கபிலர் அம்மகளிரை இருங்கோவேளிடம் அழைத்துச் சென்றதையும், அவன் ஏற்க மறுத்ததையும் ஆசிரியர் கூறுதல் வேண்டும். அடைத்த கதவு எத்தகையது என்பதை மாணவர் முதலில் அறியட்டும்.

இரண்டாம் பாடவேளை: ஏற்றோர்

புகார், உறையூர், மதுரை ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறிக்கச் செய்க. இயக்கிக்குப் பாலமுது படைத்துத் திரும்பும் மாதரியைக் கண்ட கவுந்தியடிகள், அவள் முதுமையையும் இரக்க குணத்தையும் உள்ளத்தில் எண்ணியே கண்ணகியை ஒப்படைக்கிறார். அரண்மனையோ செல்வர் மாடமோ அவர் தேடவில்லை. “அடைக்கலம் தர ஒருவரிடம் என்ன இருத்தல் வேண்டும்?” என்று வினவி, விடைகளைக் கரும்பலகையில் எழுதுக.

மூன்றாம் பாடவேளை: காத்த முறை

அடுத்துவரும் கொலைக்களக் காதையில் நுட்பமான செய்தியொன்று உண்டு. வந்தோர் சாவக நோன்பினர் என்பதை மாதரி உணர்ந்திருந்தாள். ஆதலின், பகலுணவு சமைப்பதற்குரிய நற்கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்குமாறு ஆயர் மகளிரைப் பணித்தாள். வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி ஆகியவற்றோடு பால்பயனும் வந்தன. கண்ணகி தன் கையாலேயே சமைத்தாள். மாதரியின் மகள் ஐயை துணை நின்றாள். தன் வீட்டு வழக்கத்தை வந்தவர்மேல் சுமத்தாது, அவர்தம் நோன்பு கெடாதவாறு இடமளித்ததே மாதரியின் பெருமை. கூரையும் சோறும் மட்டும் தந்து, வந்தவரின் வழக்கத்தை மறக்கச் செய்வது முழுமையான அடைக்கலம் ஆகாது.

நான்காம் பாடவேளை: இன்று

தலைமன்னார், இராமேசுவரம், மண்டபம் ஆகிய ஊர்களை வரைபடத்தில் குறித்து, மேற்கூறிய வரலாற்றை ஆண்டுகளுடன் கூறுக. பாரி மகளிர் போரால் இழந்தவர். கோவலனும் கண்ணகியும் பொருளிழந்து தாமே புறப்பட்டவர். தீவிலிருந்து வந்தோர் கலவரத்தாலும் போராலும் துரத்தப்பட்டவர். மூன்றையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. வேறுபாட்டை மாணவரே எடுத்துரைத்தல் நன்று.

ஆசிரியர் கருத்திற்கு

‘அகதி’ என்னும் சொல் எந்தப் பிள்ளைக்கும் அடைமொழி ஆகலாகாது. முகாம்வாழ் மாணவன் தானே பேச முன்வந்தால் வகுப்பு அமைதியாகக் கேட்கட்டும்; வாய்திறவாதிருந்தால் அதுவும் அவன் உரிமை. கோவலன் கொலையுண்டபின் மாதரி தீப்புகுந்ததை இவ்வயதினர்க்கு விரித்துரைக்க வேண்டா. ஏற்ற பொறுப்பை உயிரினும் பெரிதாகக் கருதினாள் என்ற அளவில் நிறுத்துக.

பயிற்சி வினாக்கள்

1. இருங்கோவேள், மாதரி இருவருள் மிக்க செல்வம் உடையவர் யார்? மிகுதியாகக் கொடுத்தவர் யார்?
2. உங்கள் வகுப்பிற்குப் புதிதாக வரும் மாணவனிடம் முதல் நாளில் என்ன கேட்பீர்கள்? எதைக் கேட்கமாட்டீர்கள்?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். முதல் மூன்றிற்கும் கையில் ஏதேனும் பொருள் வேண்டும். அபயதானமோ, பக்கத்தில் இருப்பவன் அஞ்சாது அமர்வதற்குப் பலகையில் சற்று இடம்விடும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் இயலும். பெற்றோர் இவ்வினாக்களை இல்லத்திலும் கேட்டுப் பார்ப்பாராக.