பறக்காத கிளி – காகாப்போ

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

கிளி என்றவுடன் சிறகை விரித்து வானில் பறக்கும் பறவையே நம் கண்முன் தோன்றும். பறக்கத் தெரியாத கிளியும் உலகில் உண்டு என்று வீட்டில் சொன்னபோது, "யாராவது இறக்கையை வெட்டி விட்டிருப்பாங்க" என்றார் என் பாட்டி. யாரும் வெட்டவில்லை; இயற்கையே அதனை அவ்வாறு அமைத்துவிட்டது. நியூசிலாந்தில் மட்டுமே வாழும் அக்கிளியின் பெயர் காகாப்போ. அந்நாட்டின் மாவோரி மக்களின் மொழியில் 'காகா' என்றால் கிளி; 'போ' என்றால் இரவு. பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடுவதால் இப்பெயர் பெற்றது.

இயல்புகள்

கிளி இனங்களில் மிகுந்த எடையுடையது இதுவே. ஆண் பறவை 4 கிலோ வரைகூட இருக்கும். பாசி படிந்தாற்போன்ற பச்சை நிறமும் இனிய மணமும் உடையது. இலை, வேர், விதை, பழம் ஆகியவை இதன் உணவு. ஆபத்து நேர்ந்தால் அசையாமல் நின்றுவிடும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவைகளிடமிருந்து தப்ப இது உதவியது.

ஆண் பறவை தரையில் கிண்ணம் போன்ற குழி பறித்து, அதில் அமர்ந்து, மார்பை உப்பிப் பெண் பறவைகளை அழைக்கும். முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது முழுவதும் தாயின் பொறுப்பே. ரிமு என்னும் மரம் மிகுதியாகக் காய்க்கும் ஆண்டுகளில்தான், அதாவது 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், இனப்பெருக்கம் நிகழும்.

அழிவுக்குக் காரணம்

மனிதரோடு எலி, நாய், பூனை ஆகியவை அத்தீவுகளுக்கு வந்தன. முயல்களை ஒழிப்பதற்காகக் கீரி போன்ற ஸ்டோட் என்னும் விலங்கும் கொண்டுவரப்பட்டது. இவை மோப்பத்தால் இரை தேடுபவை. அசையாமல் நின்ற கிளி எளிதில் பலியாயிற்று. ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894 முதல் நூற்றுக்கணக்கான பறவைகளை ரெசல்யூஷன் தீவுக்குக் கொண்டுசென்று காக்க முயன்றார். 1900-இல் ஸ்டோட்டுகள் கடலில் நீந்தி அங்கும் சென்றுவிட்டன. 1995-இல் எஞ்சியவை 51 மட்டுமே.

பராமரிப்பு

இப்பறவையைக் கூண்டில் அடைத்துக் காப்பதில்லை. பகை விலங்குகள் அகற்றப்பட்ட சிறு தீவுகளில் உலவ விட்டுள்ளனர். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முதுகில் சிறு ரேடியோ கருவியும் உண்டு. நலிந்த குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டி வளர்க்கின்றனர்.

இதில் ஒரு பாடமும் கிடைத்தது. கூடுதல் உணவு தந்தால் இனம் பெருகும் என்று எண்ணி ஊட்டினர். ஆனால் கொழுத்த தாய்ப்பறவைகளுக்குப் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளே பிறந்தன. பெண் பறவைகள் குறைந்த இனத்துக்கு இது பேரிடர் அல்லவா? அதன்பின் ஒவ்வொரு தாயின் எடையையும் பார்த்து உணவை அளந்து வைத்தனர். பெண் குஞ்சுகளும் போதிய அளவில் பிறந்தன. 2019-இல் 70-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் தேறின. அதே ஆண்டில் பூஞ்சை நோய் 9 பறவைகளைக் கொன்றது. 2022-இல் மொத்த எண்ணிக்கை 252 ஆயிற்று.

இன்றும் அத்தீவுகளுக்குச் செல்வோரின் பைகளைச் சோதித்தே அனுமதிக்கின்றனர். கருவுற்ற ஓர் எலி கரையேறினாலும் பல்லாண்டு உழைப்பு வீணாகிவிடும். உயிர்களைக் காக்க அன்பு வேண்டும். அந்த அன்பு எவ்வளவு, எப்படி என்று அறிய அறிவியலும் வேண்டும் என்பதையே பறக்காத இக்கிளி நமக்கு உணர்த்துகிறது.